பெயர் என்னுடையது, பாஸ்வேர்டு அவர்களுடையது

வெளிநாட்டு நர்சிங் லைசென்ஸுக்காக ஏதாவது ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் மேலே படிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் விண்ணப்பம் எந்த ஈமெயிலில் திறக்கப்பட்டிருக்கிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் அவங்களே பார்த்துக்கறாங்க, எனக்குத் தெரியாது" என்பது உங்கள் பதிலானால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பதினான்கு மாதம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். வேறொருவர் ஏற்றி வைத்த சிரிஞ்சை வாங்கி நோயாளிக்குப் போடமாட்டேன். யார் கொடுத்தாலும் மருந்து இருந்த ஆம்ப்யூலை, அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை, காட்டச் சொல்வேன். அப்படிப்பட்டவள் என் பெயர், பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ் மூன்றையும் ஒரு உறையில் போட்டு முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கினேன். இதை எழுதும்போதுகூடக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் டிராவல் நர்ஸ் ஆசையில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் 13 வாரம் ஒரு ஊர், அடுத்த 13 வாரம் வேறு ஊர் என்று ஒப்பந்தத்தில் போகும் நர்சுகளின் வீடியோக்களை நைட் டியூட்டி இடைவேளையில் பார்த்துப் பார்த்து ஏறிய ஆசை. நாமும் இரண்டு வருடம் லண்டன், அப்புறம் சிட்னி, அப்புறம் ஆக்லாந்து என்று போகலாமே என்று தோன்றியது. சரியாக அந்த நேரத்தில்தான் "ஒரே லைசென்ஸ், ஐந்து நாடு" என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. கன்சல்டன்சியின் பெயரை இங்கே போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த கடை போட அவர்களுக்கு ஒரு வாரம் போதும்.

முதல் நாள் அங்கே ஒரு வண்ண வரைபடத்தைக் காட்டினார்கள். நீலம் அடித்த இடமெல்லாம் இந்த லைசென்ஸ் செல்லும், சிஸ்டர் என்றார் அந்த கோ-ஆர்டினேட்டர். பின்னால் நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது அமெரிக்க மாநிலங்களின் வரைபடம். அங்கே நர்ஸ் லைசென்ஷர் காம்பாக்ட் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்களும் பிரதேசங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதில் ஒன்றில் குடியிருந்து பல மாநில லைசென்ஸ் வாங்கிய நர்ஸ், மற்றவற்றிலும் வேலை பார்க்கலாம். அது அமெரிக்காவுக்குள் மட்டும். உலகம் முழுக்கச் செல்லும் நர்சிங் லைசென்ஸ் என்று ஒன்று எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கவுன்சில் அல்லது போர்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனிக் கட்டணம்.

மோசடிக்காரன் முழுப்பொய் சொல்வதில்லை என்பது இந்த விஷயத்தில் எனக்கு நன்றாகவே புரிந்தது. இங்கிலாந்துப் பதிவு கையில் இருந்தால் ஆஸ்திரேலியாவில் பரீட்சையே இல்லை என்றார். பாதி உண்மை. 2025 ஏப்ரல் முதல் ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு சுருக்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர் போன்ற அவர்கள் பட்டியலில் உள்ள நாடுகளில் பதிவு பெற்று, 1,800 மணி நேரம் நர்ஸாக வேலையும் பார்த்திருக்க வேண்டும். பதிவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. அந்த 1,800 மணி நேரத்தை அவர் வாயே திறக்கவில்லை. விசாவைப் பற்றியும் பேச்சில்லை. இங்கிலாந்தில் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் போகிறவர், ஸ்பான்சர் செய்த முதலாளியோடு கட்டப்பட்டவர். மூன்று மாதத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று ஏஜென்சி நர்ஸாகச் சுற்ற அந்த விசா இடம் கொடுக்காது. நான் கனவு கண்ட வாழ்க்கைக்கும் அவர்கள் விற்ற கோப்புக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, பணக் கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் நர்சுகளைப் பதிவு செய்வது என்.எம்.சி., அதாவது நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் கட்டணங்கள் அவர்கள் வலைத்தளத்திலேயே இருக்கின்றன. என் சமயத்தில் விண்ணப்ப மதிப்பீட்டுக்கு 140 பவுண்டு, கம்ப்யூட்டர் தேர்வான சி.பி.டி.க்கு 83, செய்முறைத் தேர்வான ஆஸ்கிக்கு 794, கடைசியில் பதிவுக்கு 153. மொத்தம் 1,170. எனக்கு வந்த பில்லில் மதிப்பீடு 450, சி.பி.டி. 260, ஆஸ்கி முன்பதிவு 1,500. அதில் பாதியான 750 முன்பணம். சேவைக் கட்டணம் 600. இது போக "ஸ்கோர் இணைப்பு ஏற்பாடு" என்று ஒரு 200.

இந்த 200 பவுண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஏமாந்ததிலேயே எனக்கு அதிகமாக எரிந்தது இதில்தான். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை முதல் தடவை எழுதியபோது மற்ற மூன்றிலும் 7க்குக் குறையவில்லை, எழுத்தில் மட்டும் 6. எழுத்துக்கு 6.5, மற்றவற்றுக்கு 7 வேண்டும். இரண்டாம் தடவை எழுத்தில் 6.5 வந்தது, ஆனால் வாசிப்பு 6.5க்கு இறங்கிவிட்டது. அழாத குறை. கோ-ஆர்டினேட்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கவலைப்படாதீங்க சிஸ்டர், உள்ளே நமக்கு ஆள் இருக்கு, ரெண்டு மார்க்ஷீட்டையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வைக்கலாம், கொஞ்சம் செலவாகும்" என்றார். நன்றி சொல்லிக் கொடுத்தேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் கொடுத்தேன், ஏதோ தப்புக் காரியம் செய்கிறோம் என்று. அப்படி எந்த ஆளும் தேவையில்லை. இரண்டு தடவை எழுதிய மதிப்பெண்களைச் சேர்க்கலாம் என்பது என்.எம்.சி.யின் வெளிப்படையான விதி. இரண்டும் 12 மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும், எந்தப் பகுதியும் தேவையான மதிப்பெண்ணுக்கு அரைக்கு மேல் குறையக்கூடாது, அவ்வளவுதான். எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் கதவுக்கு என்னிடம் 200 பவுண்டு டிக்கெட் வாங்கினார்கள். அது போதாதென்று, திருட்டுத்தனத்தில் எனக்கும் பங்கு இருப்பதுபோல நினைக்க வைத்தார்கள். அதற்கப்புறம் எதையும் உரக்கக் கேட்க வாய் வரவில்லை. அதுதான் அவர்களுக்கும் வேண்டியது என்று இப்போது நினைக்கிறேன்.

சி.பி.டி. மட்டும் நிஜமாகவே நடந்தது. அங்கே பாஸ்போர்ட்டைக் காட்டி நானே போய் உட்கார வேண்டும், அதில் அவர்களால் கைவைக்க முடியாது. கணக்குப் பகுதியும் மருத்துவப் பகுதியும் ஒரே தடவையில் பாஸ். முன்பதிவு உறுதிக் கடிதத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தார்கள். அதன் கீழ்ப்பகுதி, கட்டணம் இருக்கும் இடம், வெட்டப்பட்டிருந்தது. போனில் சரியாக வரவில்லைபோல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஐந்து மாதம் ஒரே பல்லவி. "உங்க ஊர் கவுன்சில்லதான் லேட் பண்றாங்க சிஸ்டர்." நாம் முதலில் பதிவு செய்த கவுன்சில், நம் பதிவு ஒழுங்காக இருக்கிறது என்று என்.எம்.சி.க்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். அது தாமதம் ஆவது சகஜம் என்பதால் நம்பினேன். அலுவலகம் என்றால் தாமதம் என்று நாமெல்லாம் முன்கூட்டியே நம்பத் தயாராக இருக்கிறோமே, அதில்தான் இவர்கள் பிழைப்பு.

உண்மை வெளியே வந்தது ஒரு வீடியோ இன்டர்வியூவில். ஒரு மருத்துவமனையிலிருந்து மூன்று பேர் திரையில் இருந்தார்கள். கோ-ஆர்டினேட்டரும் கேமராவை அணைத்துவிட்டு உள்ளே இருந்தார். வணக்கம் சொல்லி முடித்ததும் நடுவில் இருந்த அம்மா கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, கையில் இருந்த தாளைப் பார்த்து, "உங்கள் இரண்டு வருட டயாலிசிஸ் அனுபவத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டயாலிசிஸ் யூனிட்டில் நான் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.

திரைக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன் மின்னியது. "யெஸ் சொல்லுங்க சிஸ்டர்." அடுத்த நொடி இன்னொன்று. "டயாலிசிஸ் போஸ்ட் அது. யெஸ் சொல்லுங்க."

சமாளித்திருக்கலாம் என்பதுதான் கொடுமை. ஐசியூவில் சி.ஆர்.ஆர்.டி. மெஷினை, அதாவது ரத்தத்தை விடாமல் மெதுவாகச் சுத்திகரிக்கும் ஒருவகை டயாலிசிஸ் மெஷினை, எத்தனையோ இரவு ஓட்டியிருக்கிறேன். ஃபில்டர் அடைப்பு, அலாரம், பொட்டாசியம் என்று பத்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் அந்த அம்மா அடுத்ததாக ஒரு ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே வேலை பார்த்ததாக என் பெயரில் ஒரு சான்றிதழ், யாரோ ஒரு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்தோடு, அவர்கள் கையில் இருந்தது. அந்த இரண்டு வருடமும் நான் என் ஐசியூவில் இருந்தேன். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே நிமிடத்தில் மாட்டிக்கொள்வேன். "மன்னிக்கவும், அது என் அனுபவம் இல்லை, இந்தத் தாளை நான் எழுதவில்லை" என்றேன். யாரும் பேசவில்லை. பிறகு ஓரத்தில் இருந்தவர், உங்கள் சொந்த ஈமெயிலிலிருந்து உங்கள் பயோடேட்டாவை அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லி முடித்துக்கொண்டார். அனுப்பினேன். வேலை கிடைக்கவில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

அன்று இரவு பழைய வாட்ஸ்அப் படங்களையெல்லாம் தோண்டினேன். "உங்க அப்ளிகேஷன் ரன்னிங்ல இருக்கு" என்று அவர்கள் எப்போதோ அனுப்பிய ஒரு ஸ்கிரீன்ஷாட். மூலையைப் பெரிதாக்கினால் ஈமெயில் முகவரி தெரிந்தது. என் பெயர், அதோடு ஒட்டி நர்ஸ் என்ற சொல், அதற்குப் பின்னால் 17. நான் உருவாக்காத முகவரி. நான் பார்த்தே இராத பெட்டி.

அதை வைத்துக்கொண்டு என்.எம்.சி.க்கு என் சொந்த முகவரியிலிருந்து எழுதினேன். நான் இன்னார், இது என் பாஸ்போர்ட், என் பெயரில் வேறொருவர் கணக்குத் திறந்திருக்கிறார், என்ன நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று. அடையாளத்தைச் சரிபார்க்கச் சில கேள்விகள் கேட்டார்கள். பதில் வந்தது. கணக்கு இருக்கிறது, விண்ணப்பம் ஆரம்பித்து பாதியில் நிற்கிறது, மதிப்பீட்டுக் கட்டணம் கட்டப்படவில்லை. நான் 450 பவுண்டு கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு ரசீதும் கொடுத்திருந்தார்கள், லோகோவெல்லாம் போட்டு. வேர்டில் செய்த ரசீது.

மறுநாள் என் கவுன்சில் அலுவலகத்துக்கே போனேன். கவுண்டரில் இருந்தவர் என் பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு வெரிஃபிகேஷன் கேட்டு எதுவுமே வரலையேம்மா" என்றார். திரையை என் பக்கம் திருப்பியும் காட்டினார். ஐந்து மாதம் நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தது இந்த மனிதரைத்தான்.

இனிமேல் நடந்தது சண்டை, அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அசல் சான்றிதழ்களைக் கேட்டேன். கேன்சலேஷன் கட்டணம் 300 பவுண்டு கட்டினால்தான் தருவோம் என்றார்கள். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்த மூன்றாம் நாள் கூரியரில் வந்தன. பணத்தில் ஆஸ்கி முன்பணம் 750 மட்டும் திரும்பியது. மீதி 1,510 போனது போனதுதான், இதுவரைக்கும். நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் "லைசென்ஸ்" என்ற சொல்லே இல்லை. "ஆவண உதவி" என்றுதான் இருந்தது, பணம் திருப்பித் தரப்படாது என்ற வரியோடு. பணம் போன வங்கிக் கணக்கும் கம்பெனி கணக்கு இல்லை, ஒரு தனி ஆளுடையது.

அந்தச் சொல் விளையாட்டுக்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1973ஆம் வருடச் சட்டப்படி, வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுகிறவரிடமே ஒரு ஏஜென்சி காசு வாங்கக்கூடாது. அது முதலாளி கொடுக்க வேண்டிய கூலி. வெளிநாட்டு நர்சுகளை எடுப்பதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் நடத்தை விதியும் அதையே சொல்கிறது. அந்த விதிக்குக் கட்டுப்பட்ட ஏஜென்சிகளின் பட்டியலை அங்கே அரசு மருத்துவச் சேவையின் முதலாளிகள் அமைப்பான என்.எச்.எஸ். எம்ப்ளாயர்ஸ் வெளியிடுகிறது, யாரும் பார்க்கலாம். அதனால்தான் இந்த ஆட்கள் வேலைக்கு என்று வாங்காமல் கோப்புக்கு என்று வாங்குகிறார்கள். ஆஸ்கிக்கு முன்பணம் கேட்டதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தத் தேர்வு இங்கிலாந்துக்குள் மட்டும்தான் நடக்கிறது, பெரும்பாலும் வேலை கிடைத்துப் போன பிறகு எழுதுவது. பல மருத்துவமனைகள் அந்தக் கட்டணத்தைத் தாங்களே கட்டிவிடுகின்றன. வேலையே கிடைக்காதவளிடம் ஆஸ்கி முன்பதிவு என்று எதைப் பதிந்தார்கள்?

என்னோடு அங்கே பணம் கட்டிய ஒரு அக்காவின் கதை இதைவிட மோசம். அவருக்குப் பதிவு எண்ணே, அதாவது பின் நம்பரே, பி.டி.எஃப். கடிதமாக வந்துவிட்டது. வளைகுடா அனுபவம் இருப்பதால் ஆஸ்கி விலக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு எனக்கும் அனுப்பினார். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் தோழிக்கு அதைக் காட்டினேன். அவள் பார்த்த உடனே சிரித்துவிட்டாள். என்.எம்.சி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பதிவான வருடம், அடுத்த ஆங்கில எழுத்து மாதம். ஜனவரிக்கு ஏ, டிசம்பருக்கு எல். அப்புறம் நான்கு இலக்கம், கடைசியில் இன்னொரு எழுத்து. வெளிநாட்டில் படித்து வந்தவர்களுக்கு அது ஓ. அக்காவின் எண்ணில் மாதத்துக்கு ஆர் போட்டிருந்தார்கள். பதினெட்டாவது மாதம். பிறகு என்.எம்.சி. வலைத்தளத்தில் பதிவேட்டுத் தேடலில் போட்டுப் பார்த்தோம். அது எல்லோருக்கும் திறந்தது, காசு கிடையாது. அப்படி ஒரு ஆளே இல்லை. அக்காவுக்கு அன்று போன் செய்து இதைச் சொன்னது நான்தான். எட்டு வருட ஐசியூ வேலையில் எத்தனையோ குடும்பங்களிடம் எத்தனையோ செய்தி சொல்லியிருக்கிறேன், இதற்கு நாக்கு எழவில்லை.

பணம் போனால் போகட்டும் என்று என்னிடம் சிலர் சொல்கிறார்கள். பணத்தைப் பற்றி நானும் அவ்வளவு கவலைப்படவில்லை. எனக்குப் பயம் அந்த டயாலிசிஸ் சான்றிதழைப் பற்றித்தான். 2023இல் நைஜீரியாவின் இபடான் நகரத்தில் ஒரு சி.பி.டி. மையத்தில் வந்த மதிப்பெண்கள் இயல்பாக இல்லை என்று என்.எம்.சி. கண்டுபிடித்தது. அந்த மையத்தில் எழுதி ஏற்கெனவே பதிவாகி வேலையில் இருந்தவர்களே 500 பேருக்கு மேல். ஒழுங்காக எழுதியவர் யார், ஆள் வைத்து எழுதியவர் யார் என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாததால் எல்லோரையும் மறுபடி எழுதச் சொன்னார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் விசாரணைக் குழுவின் முன்னால் நிற்க வேண்டி வந்தது. அங்கே நிற்பது நர்ஸ். பணம் வாங்கிய புரோக்கர் இல்லை. இன்டர்வியூவில் நான் "ஆமாம்" என்று சொல்லியிருந்தால், அந்தப் பொய்க்கு என் குரலும் சாட்சியாகியிருக்கும். நல்ல நடத்தை என்பது என்.எம்.சி. பதிவுக்கு ஒரு நிபந்தனை. மற்ற நாட்டுக் கவுன்சில்களும், உங்கள் விண்ணப்பம் வேறெங்காவது நிராகரிக்கப்பட்டதா என்று கேட்கத்தான் செய்கின்றன.

அதனால் நடந்ததையெல்லாம் தேதி வாரியாக எழுதி, இன்டர்வியூ நேரத்தில் வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்து, நானே என்.எம்.சி.க்கு அனுப்பினேன். புதிய விண்ணப்பம் என் ஈமெயிலில், 140 பவுண்டை என் கார்டில் கட்டி. எல்லாம் சேர்த்து இரண்டு மாலை வேலை. பதினான்கு மாதம் யாரோ செய்வதாகச் சொன்ன வேலை அவ்வளவுதான். என் கவுன்சிலிலிருந்து உறுதிக் கடிதம் ஐந்து வாரத்தில் போய்விட்டது. சி.பி.டி.க்கு இரண்டு வருட ஆயுள், ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் அப்படியே. ஐஇஎல்டிஎஸ்ஸில் மிச்சம் இருப்பது நான்கு மாதம். அதற்குள் முடியாவிட்டால் மூன்றாம் தடவை எழுத வேண்டும், இல்லையென்றால் மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். நர்சுகளுக்கு அது சுலபம் என்கிறார்கள், பார்ப்போம்.

அந்த 17 மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. அது வரிசை எண்ணாக இருந்தால் எனக்கு முன்னால் பதினாறு பேர் இருக்க வேண்டும். எனக்குப் பின்னால் எத்தனை பேரோ. உங்கள் பெயரும் நர்ஸ் என்ற சொல்லும் ஒரு எண்ணும் சேர்ந்த ஈமெயில் எந்த ஸ்கிரீன்ஷாட்டின் மூலையிலாவது தெரிந்தால், கன்சல்டன்சிக்குப் போன் செய்து சண்டை போட ஆரம்பிக்காதீர்கள். உஷாராகிவிடுவார்கள். முதலில் எல்லாச் செய்திகளையும் படமெடுத்து வையுங்கள். அசல் சான்றிதழ்கள் அவர்களிடம் இருந்தால் வேறு ஏதாவது காரணம் சொல்லி வாங்கிவிடுங்கள். வீட்டில் கல்யாணம், வங்கியில் லோன், எதுவானாலும் சரி. அப்புறம் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.